வீட்டை விற்கும்போது மயில், பன்றி, மானை என்ன செய்வது? வானூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

வானூர் பக்கம் ஒரு தோட்டத்து வீடு விற்பனைக்கு வருகிறது என்றால், விளம்பரத்தின் முதல் வரி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். 'காலையில் மயில் வரும், பறவைச் சத்தம் கேட்கும், கடல் காற்று வீசும்.' வாங்க வருபவர் சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்குவார். மயிலைப் பார்த்ததும் போட்டோ எடுப்பார். அதன்பிறகு வேலியோரம் உழுது போட்டது மாதிரி கிளறிக் கிடக்கும் மண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "இது என்ன சார், பன்னி வருமா?"

அந்த இடத்தில்தான் விற்பவர் தடுமாறுகிறார். வரும் என்று சொன்னால் விலை குறையும். வராது என்று சொன்னால் நாளைக்கு வழக்கு வரலாம். இன்னும் சிலர், ஆள் வந்து பார்ப்பதற்கு முன்பே பன்றியையும் பாம்பையும் 'சுத்தம்' செய்துவிடலாம் என்று ஆள் தேடுகிறார்கள். விலை குறைவது ஒரு நஷ்டம், அவ்வளவுதான். இந்த மூன்றாவது வழி ஜெயில் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

சரி, கிராமத்து வீட்டை விற்கும்போது அங்கே வந்துபோகும் காட்டுயிர்களைப் பற்றி என்ன சொல்ல வேண்டும், எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

வானூரில் ஏன் இந்தப் பிரச்சினை?

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம் மலையடிவாரம் இல்லை, அடர்ந்த காடும் இல்லை. சவுக்குத் தோப்பு, முந்திரி, மல்லாட்டைக் கொல்லை, ஏரி, செம்மண் ஓடை, பனை. ஆனால் இந்தக் கலவைதான் காட்டுயிர்களுக்கு வசதி. சவுக்குத் தோப்புக்குள் பகலில் ஆள் நடமாட்டம் குறைவு. நரியும் பன்றியும் படுத்திருந்துவிட்டு இருட்டியதும் கொல்லைக்குள் இறங்கும். மல்லாட்டை விளைந்து காய் பிடிக்கிற நேரத்தில் காவலுக்குப் போகாத விவசாயி கிடையாது.

இதோடு சேர்த்து மூன்று இடங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். முதலாவது, கழுவெளி. வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்து கிடக்கும் இந்த உவர்நீர்ச் சதுப்பு நிலம், தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. உப்புக்கல்லி ஓடை வழியாகவும் எடையந்திட்டு முகத்துவாரம் வழியாகவும் கடலோடு தொடர்பு உண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151.6 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. இரண்டாவது, புதுச்சேரி எல்லையில் இருக்கும் ஊசுட்டேரி. அதன் தமிழகப் பகுதி வானூர் வட்டத்தில் வருகிறது. 2015-ல் அதுவும் பறவைகள் சரணாலயமானது. மூன்றாவது ஆரோவில். 1968-ல் தொடங்கியபோது மரமே இல்லாத செம்மண் பொட்டலாகக் கிடந்த மேட்டு நிலம், பல பத்தாண்டு மரம் வளர்ப்பில் காடாக மாறியிருக்கிறது. மரம் வந்த இடத்துக்குப் பறவையும் பாம்பும் கீரியும் மரநாயும் தானாக வந்தன.

கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபிறகு இதே பகுதியில்தான் பண்ணை வீடு, வார விடுமுறை வீடு என்று நிலம் கைமாறுவது கூடியது. விலங்குகள் புதிதாக ஊருக்குள் வந்துவிடவில்லை. வீடுகள்தான் அவற்றின் பாதை ஓரமாகப் போய் நிற்கின்றன.

மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பக்கத்து ஊர் மயிலத்துக்குப் பெயரிலேயே மயில் இருக்கிறது. அங்கே முருகன் கோயில் நிற்கும் குன்றையே மயில் என்று கும்பிடுகிறார்கள். அதே மயில் விதைத்த கழனியில் இறங்கினால் விவசாயி படும் பாடு வேறு.

சொல்ல வேண்டுமா, மறைக்கலாமா?

'வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும், நான் ஏன் சொல்லணும்' என்பது ஊர்ப்பக்கம் பரவலாக இருக்கும் எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் என்னென்ன கடமை என்று வரிசையாகச் சொல்லும் பிரிவு இது. அதில் விற்பவரின் முதல் கடமையே குறைகளைச் சொல்வதுதான். சொத்திலோ அதன் உரிமை மூலத்திலோ முக்கியமான குறை ஒன்று இருக்கிறது, அது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது என்றால், அதை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதை மோசடியாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று அதே பிரிவின் கடைசியில் இருக்கிறது.

இதை வானூர் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். பட்டப்பகலில் கூரை மேல் நிற்கும் மயில் மறைந்திருக்கும் குறை கிடையாது. வந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். மரத்தில் நூற்றுக்கணக்கில் தொங்கும் பழந்தின்னி வௌவாலும் அப்படித்தான். ஆனால் நிலம் சரணாலய எல்லைக்குள் வருகிறது என்று வனத்துறை நோட்டீஸ் கொடுத்திருந்தால்? தோட்டத்தில் செத்துக்கிடந்த மயிலுக்காக ஏற்கெனவே வழக்கு ஓடிக்கொண்டிருந்தால்? வேலியில் மின்சாரம் பாய்ச்சி ஏதாவது விபத்து நடந்திருந்தால்? இவை எதுவும் ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரத்தில் தெரிந்துவிடாது. இவற்றைச் சொல்லாமல் விற்பது ஆபத்து.

பாம்பும் பன்றியும் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. மழைக்காலத்தில் பாம்பு வருவது கிராமத்து வீட்டுக்குப் புதிதில்லை. அதை மட்டும் வைத்து 'முக்கியமான குறை' என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் வருடா வருடம் வெள்ளாமை மொத்தமும் பன்றிக்குப் போகிற நிலத்தை 'நல்ல விளைச்சல் பூமி' என்று சொல்லி விற்றால், அந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். தரகர் சொன்னது எனக்குத் தெரியாது என்பது அப்போது பெரிதாக உதவாது.

வெளிநாடுகளில் இது இன்னும் பெரிய விஷயம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ரெக்ஸ்பர்க் என்ற ஊர்ப்பக்கம் 2009-ல் ஒரு குடும்பம் வாங்கிய வீட்டில், சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் கூட்டம் கூட்டமாகப் பாம்பு. விஷமில்லாத பாம்புதான். ஆனாலும் சில மாதங்களில் அவர்கள் வீட்டை விட்டே போய்விட்டார்கள். வீடு 'பாம்பு வீடு' என்ற பெயரோடு தொலைக்காட்சி வரைக்கும் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, பாம்பைப் பற்றிய தகவல் காகிதத்தில் இருந்தது, அதில் அவர்கள் கையெழுத்தும் போட்டிருந்தார்கள் என்பதுதான். பிரிட்டனில் இன்னொரு விதம். அங்கே வீட்டுப் பரணில் வௌவால் தங்கினால், வௌவால் இல்லாத மாதங்களில்கூட அந்த இடத்தை அடைக்கவோ இடிக்கவோ அனுமதி வேண்டும். வீடு கைமாறினாலும் அந்தக் கட்டுப்பாடு மாறாது.

நம் ஊரில் இதற்கென்று தனி படிவம் எதுவும் கிடையாது. அதனால் கிரைய ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி சேர்த்துவிடுவது நல்லது. எந்த விலங்கு வருகிறது, எந்த மாதத்தில், இதுவரை என்ன சேதம், வனத்துறை நோட்டீஸோ வழக்கோ இருக்கிறதா இல்லையா என்று நாலு வரி போதும். முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். வாங்கியபிறகு சொன்னால், 'இப்போ சொல்றீங்களே' என்ற சண்டை அங்கேயே ஆரம்பித்துவிடும்.

விரட்டலாமா, கொல்லலாமா?

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டா நிலமாக இருந்தாலும், வீட்டுக் கொல்லையாக இருந்தாலும் அதே சட்டம்தான்.

இந்தச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஆறு அட்டவணைகள் இருந்தன, இப்போது நான்கு. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. உடும்பும் வெளிமானும் அங்கேதான். புள்ளிமானும் காட்டுப்பன்றியும் இரண்டாவது அட்டவணையில். முன்பு காக்கை, எலி, பழந்தின்னி வௌவால் எல்லாம் 'தொல்லை உயிரினம்' என்று தனியாக ஐந்தாவது அட்டவணையில் கிடந்தன. அந்த அட்டவணையே இப்போது இல்லை. வௌவால் மரத்துக்குக் கீழே வெடி வெடித்து விரட்டுபவர்கள் இதை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இரண்டாவது அட்டவணை என்றால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இங்கே 'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் ரொம்பப் பெரியது. சுடுவதும் வெட்டுவதும் மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, பிடிப்பது, விஷம் வைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். பறவைகள், ஊர்வன விஷயத்தில் முட்டையை உடைப்பதும், கூட்டைக் கலைப்பதும் அதில் சேரும். விற்பதற்கு முன் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பொக்லைன் விட்டுப் புதரை வழிக்கும்போது, தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் மயிலின் கூடு அதில் போனால் அதுவும் பிரச்சினைதான். மயில் மரத்தில் கூடு கட்டாது, புதருக்குள் தரையில்தான் முட்டையிடும். ஆகவே வண்டியை வரச் சொல்வதற்கு முன்னால் ஒரு ஆள் நடந்து பார்த்துவிட வேண்டும். பனை மரத்தை வெட்டுவதாக இருந்தால் அதற்குத் தனியாக மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்பதையும் மறக்கக்கூடாது.

'பன்னி முட்ட வந்துச்சு, அடிச்சோம்' என்றால்? தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காப்பாற்ற, நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்று பிரிவு 11 சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மனித உயிருக்குத்தான். மல்லாட்டையைக் காப்பாற்ற அடித்தேன், வீடு விலை போக வேண்டும் என்று அடித்தேன் என்பதெல்லாம் அதில் வராது. பயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்றால், இரண்டாவது அட்டவணை விலங்குகள் விஷயத்தில் தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுத்துமூலம் அனுமதி தரலாம்.

காட்டுப்பன்றிக்கு மட்டும் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வந்தால் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் சுடலாம். இதைக் கேட்டதும் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் சுடலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது தவறு. சுடுவது வனத்துறை ஆட்கள்தான், நில உரிமையாளர் இல்லை.

அவுட்டுக்காய், திருட்டு மின்வேலி

தோட்டத்தை 'பன்றி இல்லாத நிலம்' ஆக்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் மூன்று: சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடி, நேரடி மின்சாரம். மூன்றுமே குற்றம். அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிச் செத்த மாடுகள் எத்தனையோ. அது வெடிபொருள் வழக்காகவும் மாறும்.

நேரடி மின்சாரம் என்ன செய்யும் என்பதற்கு 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே நடந்ததே போதும். காட்டுப்பன்றிக்காகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டுப் போகாமல் நின்றதைத் தமிழ்நாடே பார்த்தது. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார். வானூரில் யானை இல்லை, உண்மைதான். ஆனால் விடிகாலையில் வயலுக்குப் போகும் மனிதர்கள் இருக்கிறார்கள். யாராவது மின்வேலியில் அடிபட்டால் வீடு விற்பனை மட்டும் நின்றுபோகாது.

அந்த ஆண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலங்களில் சோலார் மின்வேலி போடுவதாக இருந்தாலும் வனத்துறையிடம் பதிவு வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவுக்கு உட்பட்ட, விட்டுவிட்டு அதிர்ச்சி மட்டும் கொடுக்கும் கருவிதான் அனுமதி. விற்கும் நிலத்தில் ஏற்கெனவே சோலார் வேலி இருந்தால், அதன் பதிவுக் காகிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். காகிதம் இல்லாத வேலியை வாங்குபவர் தலையில் கட்டுவது சரியில்லை.

ஊர்க்காரர்கள் செய்யும் சில வேலைகள் சட்டத்துக்கும் ஒத்துவரும், செலவும் கம்மி. பழைய புடவைகளை வேலியைச் சுற்றிக் கட்டுவது ஒன்று. பன்றி அதைச் சுவர் என்று நினைத்து ஒதுங்கும். கொஞ்ச நாள்தான், அப்புறம் பழகிவிடும். கம்பி வேலியின் அடிப்பகுதியை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்தால் அது மூக்கால் நெம்பி நுழைவது குறையும். கீழே விழுந்து அழுகும் பழத்தையும் சமையல் கழிவையும் அன்றாடம் அள்ளினாலே பாதி வரத்து நின்றுவிடும். இதை யாரும் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

மான் வந்தால்?

மான் என்றாலே இந்தப் பக்கத்தில் திருவண்ணாமலை மலையடிவாரமும் செஞ்சி வட்டாரக் காப்புக்காடுகளும்தான் நினைவுக்கு வரும். கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் பலர் அந்தப் பக்கமும் நிலம் வைத்திருக்கிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடலாம்.

மானால் வீட்டுக்காரருக்கு வரும் ஆபத்து கொஞ்சம். வீட்டுக்காரரால் மானுக்கு வரும் ஆபத்துதான் அதிகம். முதல் எதிரி திறந்த கிணறு. கோடையில் தண்ணீர் தேடி வரும் மான், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுவது தமிழகத்தில் வருடம் தவறாமல் வரும் செய்தி. வீட்டைப் பார்க்க வருபவர்களின் குழந்தைகளுக்கும் அதே கிணறு ஆபத்து. விற்பதற்கு முன் செலவு செய்ய ஒரே ஒரு வேலைதான் முடியும் என்றால் கிணற்றுக்குச் சுவர் கட்டுங்கள்.

இரண்டாவது எதிரி நாய். சென்னை கிண்டியிலும், திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலும் நாய்கள் துரத்திக் கடித்து மான்கள் செத்த சம்பவங்கள் நிறைய. வீட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் காவல் நாயை அங்கேயே விட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. சோறு போட ஆள் இல்லாத நாய் கூட்டத்தோடு சேர்ந்து வேட்டைக்குக் கிளம்பும். நாயைக் கூட்டிக்கொண்டு போவதோ ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவதோ விற்பவரின் பொறுப்பு.

மான் தோட்டத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டால் கூட்டம் கூடி விரட்டிப் பிடிக்கக்கூடாது. பயத்திலும் ஓட்டத்திலும் தசையும் இதயமும் செயலிழந்து, காயமே இல்லாமல் மான் இறந்துபோகும். கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, நாயைக் கட்டிவிட்டு, ஆட்கள் ஒதுங்கி நின்றால் பெரும்பாலும் அதுவே போய்விடும். இல்லாவிட்டால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வேலி போட்டுத் தடுப்பதென்றால் ஏழெட்டு அடி உயரம் வேண்டும். அதற்குக் குறைந்த வேலியைப் புள்ளிமான் தாண்டிவிடும்.

மானோ மயிலோ தோட்டத்தில் செத்துக்கிடந்தால்? இரவோடு இரவாகப் புதைத்துவிடுவதுதான் பலரும் செய்வது. வாங்குபவர் வரும் நேரத்தில் இது எதற்கு என்ற பயம். ஆனால் இறந்துகிடக்கும் காட்டுயிர் அரசின் சொத்து. 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தகவல் சொல்ல வேண்டும் என்கிறது பிரிவு 39. சொன்னவரை விட, புதைத்தவர்தான் பின்னால் சந்தேகத்துக்கு ஆளாகிறார்.

சுவரில் தொங்கும் மான் கொம்பு

பழைய வீட்டை விற்கும்போது யாரும் எதிர்பார்க்காத சிக்கல் இது. தாத்தா காலத்து வீடு. கூடத்தில் மான் கொம்பு, பூஜை அறையில் மான் தோல், பரணில் ஏதோ ஒரு தோல் சுருட்டி வைத்திருக்கும். பழைய கதவு, தூண், பெஞ்சு எல்லாம் வாங்கிப்போக வரும் வியாபாரி, 'கொம்பையும் சேர்த்துக் கொடுங்க' என்பார்.

கொடுக்கக்கூடாது. உரிமைச் சான்றிதழ் இல்லாமல் இவற்றை வைத்திருப்பதே குற்றம். சட்டம் வந்த காலத்தில் ஒருமுறையும், பிறகு 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்து இன்னொரு முறையும், கையில் இருப்பதைக் கணக்குக் காட்டச் சொன்னார்கள். அப்போது காட்டியவர்களிடம்தான் சான்றிதழ் இருக்கும். சான்றிதழ் இருந்தாலும் வாரிசுக்குப் போகலாமே தவிர விற்க முடியாது. வேண்டாம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைக்கலாம் என்று 2022 திருத்தம் வழி செய்திருக்கிறது. அதற்குப் பணம் எதுவும் கிடைக்காது. சான்றிதழே இல்லாத கொம்பு என்றால், வீட்டை ஆளுக்குக் காட்டுவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டு வனத்துறையிடம் போவது பாதுகாப்பு. உதிர்ந்த மயிலிறகுக்கு மட்டும் உள்நாட்டில் விலக்கு உண்டு.

கூண்டில் இருக்கும் பச்சைக்கிளியும் இதே கதைதான். வீட்டோடு சேர்த்துக் கிளியையும் 'இருக்கட்டும்' என்று விட்டுப்போக முடியாது. கிளி வளர்ப்பதே சட்டப்படி தவறு.

பாம்பு

கடலூர், விழுப்புரம் கரையோரத்துக்கு மழை என்றால் எப்படி என்று 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் காட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. இப்படி வெள்ளம் வந்தால் வளைகளில் தண்ணீர் நிறைந்து பாம்புகள் மேட்டுக்கு ஏறும். பூட்டிக்கிடக்கும் வீடுதான் அவற்றுக்கு முதல் மேடு. விற்பனைக்குப் போட்டுவிட்டுப் பல மாதம் பூட்டி வைத்த வீட்டைத் திறக்கும்போது கதவை அகலத் திறந்து, வெளிச்சம் அடித்து, தரையையும் மூலையையும் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விட வேண்டும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் பெரும் பங்கு, இதே கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு பிடிக்கத் தெரிந்தவர் என்று யாரையாவது கூப்பிட்டுக் கொல்லச் சொல்வதும் குற்றம்தான். தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொன்னால் பிடித்துக்கொண்டு போய் விடுவார்கள். சாரையை மட்டும் விட்டுவிடுங்கள், எலி குறையும். எலி குறைந்தால் மற்ற பாம்பும் குறையும்.

சரணாலயம் பக்கத்தில் நிலமா? சர்வே எண்ணைப் பாருங்கள்

மயில், பன்றி எல்லாம் விலையைக் கூட்டிக் குறைக்கும். இது விற்பனையையே செல்லாததாக்கும்.

வன உயிரினச் சட்டத்தின் பிரிவு 20 இப்படிச் சொல்கிறது: ஒரு பகுதியைச் சரணாலயமாக அறிவிக்க அரசு பிரிவு 18-ன் கீழ் அறிவிக்கை வெளியிட்டபிறகு, அந்த எல்லைக்குள் இருக்கும் நிலத்தில் வாரிசுரிமை, உயில் வழியாகத் தவிர வேறு எந்த வழியிலும் புதிதாக யாரும் உரிமை பெற முடியாது. கிரையம் கொடுத்து வாங்கினாலும் உரிமை வராது என்று பொருள். பத்திரம் பதிவாகிவிட்டது, வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்பது இதற்குப் பதில் ஆகாது. வில்லங்கச் சான்றிதழில் அடமானம் தெரியும், பழைய கிரையம் தெரியும், சரணாலய எல்லை தெரியாது.

ஆகவே கழுவெளி, ஊசுட்டேரி ஓரம் நிலம் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது, பட்டாவில் இருக்கும் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் எடுத்துக்கொண்டு அரசிதழ் அறிவிக்கையில் இருக்கும் சர்வே எண்களோடு ஒப்பிடுவது. அ-பதிவேட்டில் அந்த நிலம் என்ன வகை என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்ப்பது. புலப்படத்தை வைத்து எல்லையை அளப்பது. சந்தேகம் என்றால் விழுப்புரம் மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுத்துமூலம் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்வது. வாய்வார்த்தையாக 'அதெல்லாம் வராது சார்' என்று யார் சொன்னாலும் காகிதம் ஆகாது.

எல்லைக்கு வெளியே, ஆனால் பக்கத்தில் என்றால்? விற்கத் தடையில்லை. அதில் என்ன கட்டலாம் என்பதில்தான் கட்டுப்பாடு வரும். சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது 1 கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்று 2022 ஜூன் 3-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 ஏப்ரலில் அதைத் தளர்த்தி, அந்தந்த இடத்துக்கு ஏற்ப அறிவிக்கை முடிவு செய்யட்டும் என்றது. ஓடையிலும் முகத்துவாரத்திலும் கடல் நீர் ஏறி இறங்கும் இடம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்து வரும். 'ரிசார்ட் கட்டலாம்' என்று சொல்லி விற்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். நீலகிரி சீகூர் யானை வழித்தடத்தில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிக்கையை உறுதி செய்தபோது, ரிசார்ட்டுக்காக நிலம் வாங்கியவர்கள் நின்ற நிலை எல்லாருக்கும் தெரியும்.

வாங்குபவர்கள் தரப்பில் ஒன்று. பகலில் ஒருமுறை பார்த்தது போதாது. விடிகாலை ஐந்தரை மணிக்கு ஒருமுறை, இருட்டியபிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். வேலியோரம் ஈர மண்ணில் குளம்புத் தடம் இருக்கிறதா, கொல்லையில் மல்லாட்டை ஏன் போடாமல் விட்டிருக்கிறார்கள், பக்கத்து நிலத்துக்காரர் ஏன் சவுக்குக்கு மாறினார் என்று ஊர் டீக்கடையில் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். விற்பவர் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த நாலு வரியும் அந்த டீக்கடைப் பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு முன்பணத்தைக் கொடுக்கலாம்.